மணல்மேட்டையும் நீர்நிலை என்று எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன சித்திரையில் எங்கள் ஊர் ஊற்றுத் தண்ணீர் கரித்தது. நான் இந்த ஊருக்கு வாழ வந்து நாற்பது வருடம் தாண்டிவிட்டது. 2004-ல் சுனாமி வந்தபோதுகூடக் கரிக்காத தண்ணீர் அது. காபிக்கு வைத்த பால் திரிந்தபோது முதலில் பாலைத்தான் குறை சொன்னேன். மறுநாள் வேறு வீட்டில் பால் வாங்கினோம், அதுவும் திரிந்தது. அதற்குப் பிறகுதான் ஊற்றுத் தண்ணீரை ஒரு வாய் வெறுமனே குடித்துப் பார்த்தேன். நாக்கின் ஓரத்தில் உப்பு தெரிந்தது.

ஊற்றுக்கு வடக்கே கூப்பிடு தூரத்தில் ஒன்றரை வருடமாக மேட்டை வெட்டி மணல் ஏற்றுகிறார்கள். ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். பதிலும் வந்தது. அந்த இடம் நீர்நிலை அல்ல, எனவே நீர்நிலை எதற்கும் பாதிப்பு இல்லை என்று இரண்டே வரி. எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் முன்னால் இருந்த பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு நேரே அப்படித்தான் எழுதியிருக்கும். அந்தப் பதிவேட்டில் இருக்கும் ஒரு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர். 1986-ல் வேலையில் சேர்ந்து 2021-ல் ஓய்வு பெற்றேன். ஊர் வேதாரண்யம் வட்டத்தில், கடலுக்கு இரண்டு கிலோமீட்டர் மேற்கே, எழுபது வீடுகள் உள்ள சின்னக் கிராமம். கிழக்கே போனால் கடற்கரை ஊர்கள். வடக்கிலிருந்து சொன்னால் விழுந்தமாவடி, வானவன்மகாதேவி, வெள்ளப்பள்ளம், நாலுவேதபதி, புஷ்பவனம், பெரியகுத்தகை, அப்படியே தெற்கே ஆறுகாட்டுத்துறை, கடைசியில் கோடியக்கரை. ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐயாயிரம் பேர் என்பது கணக்கு. என் ஐயாயிரத்தில் பாதிப்பேர் மேட்டில் மா, சவுக்கு, புகையிலை வைத்துப் பிழைப்பவர்கள், பாதிப்பேர் கடலுக்குப் போகிறவர்கள். இரண்டு பக்கமும் நடந்தும் சைக்கிளிலும் போனவள் என்பதால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

எங்கள் பக்கத்து நிலத்தைப் பார்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கடற்கரைக்கு இணையாக நிலம் வரப்பு வரப்பாகக் கிடக்கிறது. ஒரு மேடு, ஒரு தாழ்வு, மறுபடி ஒரு மேடு. மேடெல்லாம் மணல், தாழ்வில் களிமண். கடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே விலகியபோது விட்டுப்போன பழைய கரைகள்தான் இந்த மேடுகள் என்று நிலவியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். வீடும் மாங்கொல்லையும் மேட்டில் இருக்கும், நெல் தாழ்வில் விளையும். கருப்பம்புலம், கத்தரிப்புலம், ஆயக்காரன்புலம், குரவப்புலம், தாமரைப்புலம் என்று புலம் புலமாக ஊர்ப்பெயர் வைத்த மூத்தவர்கள் நிலத்தின் ஏற்ற இறக்கம் பார்த்துக் குடியேறியவர்கள் என்றே நினைக்கிறேன்.

எங்களுக்கு ஆறு கிடையாது. காவிரியின் கடைமடைக்கும் கடைமடை நாங்கள். கொள்ளிடத்திலிருந்து கூட்டுக் குடிநீர் குழாயில் வருகிறது, வரும் நாளில் வருகிறது. அதற்கு முன்னால் நூற்றுக்கணக்கான வருடம் இந்த ஜனங்கள் குடித்தது மழைத் தண்ணீரைத்தான். ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதை மணல்மேடு அப்படியே உறிஞ்சிக்கொள்ளும். தை தொடங்கி ஆவணி வரை அதை ஊற்றில் இறைத்துக் குடிப்போம். மேட்டின் சரிவில் நாலைந்து அடி தோண்டினால் தண்ணீர் கசியும். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும். அதை இறைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் அடுத்து ஊறுவது கண்ணாடி மாதிரி வரும். கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்ப வேண்டும்.

என் மாமியார் பள்ளிக்கூடம் போனவர் இல்லை. நான் வந்த புதிதில், தண்ணீர் சீக்கிரம் ஊறட்டும் என்று ஊற்றை இன்னும் ஒரு முழம் ஆழமாக்கப் பார்த்தேன். ஓடிவந்து கையைப் பிடித்துவிட்டார். “ஆழமாக்காதம்மா, அகலமாக்கு. ஆழம் போனா கடல் மேல வந்துரும்” என்றார். அன்றைக்கு அது ஏதோ சாத்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

சுனாமிக்குப் பிறகு கிணறுகளைச் சோதிக்க வந்த நிலத்தடி நீர் பொறியாளர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சிலேட்டில் படம் போட்டுக் காட்டினார். கடல் தண்ணீர் நல்ல தண்ணீரைவிட லிட்டருக்கு ஏறக்குறைய 25 கிராம் கனம் கூட. அந்தக் கனத்தின் மேல் நல்ல தண்ணீர் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி உயரத்துக்கு மேட்டில் நல்ல தண்ணீர் நின்றால், அது கீழே சுமார் 40 அடி ஆழம் வரை உப்பை அமுக்கி வைத்திருக்கும். மேலே ஒரு அடி குறைந்தால் கீழே 40 அடிக்கு உப்பு ஏறும். என் மாமியார் சொன்னதும் அவர் போட்ட படமும் ஒன்றேதான். மேட்டின் உயரம்தான் எங்கள் குடிநீர் என்பது அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

அந்தத் தண்ணீரின் அருமை எனக்குக் கையால் தெரியும். வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். கடற்கரை ஊர் ஒன்றில் வயிற்றுப்போக்கு பரவியது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் என் பையில் நிறைய இருந்தது. ஒரு பொட்டலத்தை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் கரைக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அதில் உப்பு அளந்துதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரே உப்பு. அதில் கரைத்து எட்டு மாதக் குழந்தைக்குக் கொடுத்தால் மருந்தே ஆபத்தாகிவிடும். அன்றிலிருந்து சைக்கிள் கேரியரில் இரண்டு ஐந்து லிட்டர் கேன்களைக் கட்டி, எங்கள் மேட்டு ஊற்றுத் தண்ணீரை எடுத்துக்கொண்டுதான் கிழக்கே போவேன். ஒரு வாரம் தினமும் இரண்டு நடை. மருந்தைவிடத் தண்ணீரை நான் அதிகமாகச் சுமந்த வாரம் அது. பிள்ளைகள் பிழைத்தார்கள். அதில் ஒருவன் இப்போது சொந்தமாக ஃபைபர் படகு வைத்திருக்கிறான்.

“நர்சம்மா, அந்த மேட்டுத் தண்ணி ஒரு கொடம் கெடைக்குமா? இந்தத் தண்ணியில பருப்பு வேகவே மாட்டேங்குது” என்று கடற்கரையில் எத்தனை அக்காமார்கள் கேட்டிருப்பார்கள்! மீன்கூடை சுமந்து எங்கள் தெருவுக்கு வருகிறவர்கள், விற்று முடித்ததும் கூடையைக் கழுவி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு குடம் ஊற்றுத் தண்ணீரைத் தலையில் வைத்துக்கொண்டு திரும்புவார்கள். அதற்கு யாரும் காசு வாங்கியதில்லை. மத்தி நிறையப் பட்ட நாளில் தென்னைக்கு உரமாகப் போட மீன் கழிவு வரும். படகு தள்ளவும் பந்தல் போடவும் எங்கள் சவுக்குக்கழி போகும். மேட்டுக்காரர் வேறு, கடற்கரைக்காரர் வேறு என்று சாதிச் சான்றிதழில் இருக்கலாம். வயிற்றுக்குள் போன தண்ணீர் ஒன்று.

இந்த மேடுகள் எங்களை எப்படிக் காத்தன என்பதையும் சொல்ல வேண்டும். 2002-ல் நாலுவேதபதி மக்கள் 24 மணி நேரத்தில் 80,244 மரக்கன்றுகளை நட்டுக் கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார்கள். குழிதோண்டும் சத்தமும் குடம் மோதும் சத்தமுமாக ஊரே திருவிழாவாக இருந்தது. அந்தக் கன்றுகளுக்கு ஊற்றிய தண்ணீரும் மணல் குட்டைகளில் மொண்டதுதான். இரண்டே வருடத்தில், 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை அலை வந்தது. நாகப்பட்டினம் மாவட்டம் முழுதும் பிணக்காடாக இருந்தபோது, நாலுவேதபதியில் மரங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். உலகத்திலிருந்து எல்லாரும் வந்து மரத்தைப் படம் எடுத்துப்போனார்கள். மரம் நின்றிருந்த மணலைப் பற்றி அவர்களில் யாரும் எழுதியதாக நான் படிக்கவில்லை. அலையின் வேகத்தை மரம் குறைத்தது உண்மை. மேடும் சேர்ந்துதான் குறைத்தது.

அலை போன பிறகு கடலோரக் கிணறுகள் எல்லாம் உப்பாகிவிட்டன. எங்கள் வேலை கிணறு கிணறாக பிளீச்சிங் பவுடர் போடுவது. ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம். அதைக் கணக்கிடக் கிணற்றின் அகலத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் கயிறு போட்டு அளக்க வேண்டும். அளந்ததை எல்லாம் நோட்டில் எழுதி வைப்பேன். 2005-ல் ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தது. களிமண் தாழ்வில் இருந்த குளங்கள் தெளிய வருடக்கணக்கானது, ஆனால் மேட்டுச் சரிவில் இருந்த கிணறுகள் அந்த ஒரே மழையில் பெரும்பாலும் மீண்டுவிட்டன. மணல் உப்பைக் கழுவி இறக்கிவிட்டது. என் நோட்டில் தேதியோடு இருக்கிறது.

பிறகு கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியற்காலை. அந்த இரவைப் பற்றி எழுதினால் கடிதம் நீண்டுவிடும். விடிந்து பார்த்தபோது மா, முந்திரி, தென்னை, சவுக்கு எதுவும் நிற்கவில்லை. புஷ்பவனம் பக்கம் கடல் கறுப்புச் சேற்றைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ளும் படகு மேலும் கொட்டியிருந்தது. மின்கம்பம் எல்லாம் சாய்ந்துவிட்டதால் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. லாரித் தண்ணீர் வந்து சேர்வதற்கு முன்னால் எங்கள் ஊரும் கிழக்கே இருந்து சேற்றில் நடந்து வந்தவர்களும் பிழைத்தது அதே கொட்டாங்கச்சி ஊற்றில்தான். ஊற்றைச் சுற்றி இரவெல்லாம் அரிக்கேன் விளக்கு எரிந்தது. வரிசை போடச் சொல்லி யாரும் சத்தம் போடவில்லை, ஊறுகிற வேகத்துக்குத் தானாகவே பொறுமை வந்துவிட்டது.

இப்போது மணல் ஏற்றுகிறவர்கள் எல்லாம் கெட்டவர்கள் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த மேட்டின் சொந்தக்காரர் ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், அவர் வீட்டுப் பிரசவம் இரண்டும் நான் பார்த்தது. கஜாவில் அவருடைய மாங்கொல்லை முழுதும் வேரோடு போனது. புதுக் கன்று வைத்து அது காய்க்கும்வரை பல வருடம் எதைச் சாப்பிடுவது? கடன்காரன் பொறுப்பானா? “மரம் போயிருச்சு அக்கா, மணல்தானே மிச்சம்” என்றார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல? வீடு கட்ட மணல் வேண்டும் என்பதும் உண்மைதான், கஜாவுக்குப் பிறகு கட்டிய வீடுகளும் மணலில்தான் எழுந்தன. ஆனால் ஒரு குடும்பத்தின் கடனை அடைக்க எழுபது வீட்டுக் குடிநீரும் கிழக்கே மூன்று ஊரின் குடிநீரும் போகிறது என்பதை யாராவது கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும் அல்லவா?

நான் போட்ட கணக்கு இது. ஓ.ஆர்.எஸ். கரைக்க வைத்திருந்த ஒரு லிட்டர் குவளையில் காய்ந்த மணலை நிறையப் போட்டு, மேலே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் உள்ளே போகும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டினேன், நம்பாமல் தாங்களே மூன்று தடவை செய்து பார்த்தார்கள். மூன்று யூனிட் லாரி என்றால் 300 கன அடி மணல், அதாவது சுமார் 8,500 லிட்டர் அளவு. அதில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 2,800 லிட்டர் தண்ணீர் தங்கக்கூடிய இடம் ஒவ்வொரு லாரியிலும் ஏறிப் போகிறது. பதினைந்து லிட்டர் குடமாக எண்ணினால் 180 குடத்துக்கு மேல். ஒரே ஒரு தடவை போவதல்ல அது. ஒவ்வொரு மழைக்கும் நிரம்பியிருக்க வேண்டிய இடம் இனி எந்த மழைக்கும் இல்லை. பள்ளம் தண்ணீர் மட்டத்தைத் தொட்டுவிட்டால் அதுவும் வெயிலில் திறந்து கிடந்து வற்றுகிறது. கீழே உப்பு காத்திருக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு இருக்கிறது. கடலோர மணல்குன்றுகளைக் கலைக்கக் கூடாது, அங்கே மணல் எடுக்கக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. ஆனால் அது உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் அலை ஏறிவரும் உச்ச எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரைதான். எங்கள் மேடு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அடும்புக்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்த இன்றைய குன்றுக்குக் காவல் உண்டு. அதற்கு மேற்கே பனையும் தாழையும் நிற்கும் பழைய மேட்டுக்கு இல்லை. இரண்டும் ஒரே கடல் போட்ட மணல், ஒரே தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பவை. ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன நிலம் என்று எழுதியிருக்கும் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் ஏரி, குளம், வாய்க்கால் எல்லாம் நீர்நிலை என்று இருக்கின்றன, அதைத் தொட்டால் கேட்க ஆள் உண்டு. மணல்மேடு பட்டா நிலமாகவோ தரிசாகவோ இருக்கிறது. கண்ணுக்குத் தண்ணீர் தெரியவில்லை என்பதால் அது நீர்நிலை இல்லை என்று ஆகிவிட்டது.

எங்கள் மாவட்டம் இப்படி ஒரு போராட்டத்தைப் பார்த்திருக்கிறது. தொண்ணூறுகளில் இறால் பண்ணைகள் வந்து நிலத்தடி நீர் உப்பானபோது, காந்தியவாதிகளான எஸ். ஜெகந்நாதன் ஐயாவும் அவர் மனைவி கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஊர் ஊராக நடந்தார்கள். ஐயா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. குடிநீர் உப்பாவது ஒரு விவசாயியின் தனிப்பட்ட கஷ்டம் அல்ல, பொது விஷயம் என்று அன்றைக்கு நாடே பேசியது. உப்பு மேலே தேங்கி இறங்கினாலும், கீழிருந்து ஏறினாலும் குடிக்கிறவர்களுக்கு ஒன்றுதான்.

அதனால் நான் கேட்பது இது. வேதாரண்யம் வட்டத்தில் எத்தனை மணல்மேடுகள் மீந்திருக்கின்றன, எந்த மேட்டை எந்த ஊர் குடிக்கிறது என்று வருவாய்த் துறையும் நிலத்தடி நீர்த் துறையும் சேர்ந்து நடந்து கணக்கெடுக்க வேண்டும். குடிநீர் தரும் மேடு ஒவ்வொன்றையும், பட்டா நிலமாக இருந்தாலும், நீர்நிலை என்று அ-பதிவேட்டில் குறிக்க வேண்டும். பட்டா சொந்தக்காரர்களிடமே இருக்கட்டும். விவசாயம் செய்யட்டும், மரம் வைக்கட்டும், மணலை மட்டும் எடுக்கக் கூடாது. அப்படித் தடுக்கும்போது கஜாவில் மரத்தை இழந்தவர்களைக் கைவிடக் கூடாது. அரசின் ஊரக வேலைத் திட்டத்தில் அந்த மேடுகளில் மாவும் முந்திரியும் பனையும் நட்டு, காய்க்கும்வரை பராமரிக்கக் கூலி கொடுத்தால், மணலை விற்க வேண்டிய நிலை அவர்களுக்கு வராது. வைகாசியில் ஒரு தடவை, மார்கழியில் ஒரு தடவை ஊற்றுகளின் உப்பளவைப் பார்த்து ஊராட்சிப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

இன்னொரு வேண்டுகோள். மணல் ஏற்றும் இடம் எங்கள் வீட்டுக்கு மிக அருகில் இருப்பதால் என் பெயரையும் ஊரின் பெயரையும் வெளியிட வேண்டாம். தங்களுக்குத் தனியாக எழுதி இணைத்திருக்கிறேன்.

இது ஆடி. ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. அதற்குள் வெட்டுவதை நிறுத்தினால், இந்த வருட மழை மீந்திருக்கும் மேட்டிலாவது நிற்கும். நான் கிணறு அளந்த நோட்டுகள் பதினான்கு இருக்கின்றன. கஜாவில் இரண்டு நனைந்தன, எழுத்து அழியவில்லை. எந்த அதிகாரி வந்து கேட்டாலும் கொடுக்கிறேன். எந்தச் சரிவில் எந்த ஊற்று இருந்தது என்று கூடவே நடந்து காட்டுகிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால் வந்தால் நல்லது, வெயில் ஏறிவிட்டால் மணலில் நடப்பது கஷ்டம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
வேதாரண்யம் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.